விலைச் சீட்டில் தெரியாத விலை



ஒரு பொருளுக்கு நியாயமான விலை எது? அதிக இலாபம் வைத்து விற்பது கூடுமா? பல கடைகள் போட்டி போட்டுக்கொண்டு விற்கும் இடத்திலும் வாங்குபவர் நஷ்டமடைய வாய்ப்புண்டா? கொடுக்கல் வாங்கலில் ஈடுபடும் ஒவ்வொருவருக்கும் எழும் கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை காண, பிரிட்டன் நாட்டின் மின்சாதனக் கடைகளின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது. அந்நாட்டில் ஒவ்வோர் ஊரின் பிரதானக் கடைத்தெருவையும் 'ஹை ஸ்ட்ரீட்' என்று அழைப்பார்கள். தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் போன்றவற்றை அத்தெருக்களில் விற்றுவந்த பெருங்கடைகளைப் பற்றியே இங்கு பார்க்கப் போகிறோம்.

போட்டி பிறந்த விதம்

1964ஆம் ஆண்டுக்கு முன்னர் பிரிட்டனில் பல பொருட்களின் சில்லறை விலையை உற்பத்தியாளர்களே நிர்ணயித்து வந்தார்கள். அவர்கள் சொன்ன விலைக்குக் குறைத்து விற்கும் கடைக்குச் சரக்கு நிறுத்தப்படும். 1964இல் இயற்றப்பட்ட மறுவிற்பனை விலைச் சட்டம் இந்நடைமுறைக்குப் பெருமளவில் முற்றுப்புள்ளி வைத்தது.

அதன் பிறகே உண்மையான போட்டி தொடங்கியது. 1933இல் ஹல் நகரில் வானொலிப் பெட்டிகளின் பேட்டரிகளுக்கு மின்னேற்றம் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கப்பட்ட 'காமெட்' நிறுவனம், 1960களின் பிற்பகுதியில் குறைந்த விலை விற்பனையில் இறங்கி நாடெங்கும் வளர்ந்தது. 1937இல் சவுத்எண்ட் நகரில் புகைப்பட நிலையமாகத் தொடங்கிய 'டிக்சன்ஸ்' நிறுவனம், 1984இல் 'கரீஸ்' என்னும் கடைத்தொடரை வாங்கித் தன்னுடன் இணைத்துக் கொண்டது. நாளிதழ்களில் விலைப் பட்டியல்கள் வெளியாயின. ஒரு கடையின் விலையை மற்றொரு கடையின் விலையோடு ஒப்பிட்டு வாங்கும் வாய்ப்பு சாதாரணக் குடும்பங்களுக்கும் கிடைத்தது.

விலை ஒளிந்துகொண்ட இடம்

ஆனால் இங்கு கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எந்த விலையை மக்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்களோ அந்த விலையில்தான் போட்டி நடக்கும். ஒப்பிட முடியாத இடத்தில் போட்டி இருக்காது. தொலைக்காட்சிப் பெட்டியின் விலை வாசலிலேயே எழுதப்பட்டிருந்தது. எனவே அதில் இலாபம் குறைந்தது. குறைந்த இலாபத்தைக் கடைகள் வேறிடத்தில் ஈடுகட்ட முற்பட்டன.

அந்த இடமே 'நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம்' எனப்படுவது. தயாரிப்பாளர் தரும் ஓராண்டு உத்தரவாதத்துக்கு மேல், மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குப் பழுது பார்த்துத் தருவதாகக் கூறித் தனித் தொகை பெறுவது இதன் முறை. வாடிக்கையாளர் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பணம் செலுத்தும் மேசைக்கு வந்து நிற்கும்போது விற்பனையாளர் இதைப் பற்றிப் பேசுவார். "பழுதாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்ற ஒரு கேள்வியே போதும். அந்த உத்தரவாதத்தின் விலையை அவர் அதற்கு முன்னர் பார்த்ததில்லை. வேறெங்கு கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. யோசிக்க அவகாசமும் இல்லை. பல கடைகள் நிறைந்த தெருவின் நடுவே நின்றாலும், அந்த ஐந்து நிமிடங்களில் அவருக்கு முன்னால் இருப்பது ஒரே ஒரு கடைதான்.

இணைப்புக் கம்பிகளின் நிலையும் இதுவே. தொலைக்காட்சிக்கான 'எச்டிஎம்ஐ' கம்பியில் செல்வது எண்முறைச் சமிக்ஞை. வீட்டில் பயன்படும் குறைந்த நீளத்துக்கு, உரிய தரத்தில் அமைந்த மலிவான கம்பி தரும் படத்துக்கும் பன்மடங்கு விலையுள்ள கம்பி தரும் படத்துக்கும் வேறுபாடு இராது. ஆயினும் பெரிய பொருளை வாங்கிய கையோடு இதையும் வாங்குபவர் விலையை விசாரிப்பதில்லை.

மார்க்கம் காட்டும் வழி

இந்நிலையை எவ்வாறு மதிப்பிடுவது? மதீனாவில் ஒருமுறை விலைவாசி உயர்ந்தது. மக்கள் வந்து விலையை நிர்ணயித்துத் தருமாறு வேண்டியபோது, அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. விலையின் ஏற்ற இறக்கம் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்று கூறி, எவருடைய பொருளிலும் அநீதி இழைத்தவராகத் தாம் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

இலாபத்தின் அளவையும் அவர்கள் குறுக்கவில்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்க ஒரு தீனாரைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அதைக் கொண்டு இரண்டு ஆடுகளை வாங்கி, அவற்றில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து சேர்த்தார். நபியவர்கள் அவரைக் கண்டிக்கவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாகப் பிரார்த்தித்தார்கள். ஆகவே, இலாபம் அதிகம் என்பது மட்டுமே குற்றமாகிவிடாது.

அப்படியானால் தடுக்கப்பட்டது எது? மூன்று விஷயங்களைப் பாருங்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியை நபியவர்கள் கேட்டார்கள். வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை ஏமாற்றுவதைத் தடை செய்தார்கள். சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு, சந்தை விலை அறியாதவர்களிடம் சரக்கை வாங்குவதையும் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தையை அடைந்து உண்மை விலையை அறிந்தால், அவ்வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள்.

இம்மூன்றிலும் பாதுகாக்கப்படுவது ஒன்றுதான்: மறுதரப்பாரின் அறிவு. விலையைச் சந்தைக்கு விட்டுவிட்டு, சந்தையின் உண்மை யாருக்கும் மறைக்கப்படாமல் காக்கிறது மார்க்கம்.

பிரிட்டனில் நடந்தது

2002ஆம் ஆண்டில் பிரிட்டனின் நியாய வணிக அலுவலகம் இந்த உத்தரவாத விற்பனையை விசாரிக்குமாறு போட்டி ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2003 டிசம்பரில் வெளியான அறிக்கை, இவ்விற்பனையில் போட்டி சரிவரச் செயல்படவில்லை என்று கண்டது. இதன் விளைவாக ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டு, 2005 ஏப்ரல் 6 அன்று நடைமுறைக்கு வந்தது.

அந்த ஆணை உத்தரவாதத்துக்கு உச்சவரம்பு விலை எதையும் விதிக்கவில்லை. பொருளின் விலைக்கு அருகிலேயே உத்தரவாதத்தின் விலையையும் காட்ட வேண்டும் என்றது. எழுத்து மூலம் விலை கூறிய கடை, 30 நாட்கள் வரை அதே விலையில் தர வேண்டும் என்றது. ஓராண்டுக்கு மேற்பட்ட உத்தரவாதத்தை வாங்கியவர், அதன் கீழ் எதையும் கோராத நிலையில், 45 நாட்களுக்குள் ரத்து செய்து முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம் என்றது.

வழியில் மறிக்கப்பட்ட வணிகருக்கு, சந்தை விலை அறிந்தபின் முறித்துக்கொள்ளும் உரிமை கிடைத்தது. பணம் செலுத்தும் மேசையில் மறிக்கப்பட்டவருக்கு 45 நாள் அவகாசம் கிடைத்தது. காலமும் இடமும் வேறாயினும், நோயும் மருந்தும் ஒத்திருப்பதைச் சிந்திப்போர் உணரலாம்.

கண்காணிப்பு தேவைப்படுவது ஏன்?

இணைய விற்பனை வந்தபின் இக்குறைகள் யாவும் தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணினார்கள். கடைத்தெருவின் நிலை மாறியது உண்மையே. 236 கடைகளைக் கொண்டிருந்த காமெட் நிறுவனம் 2012 நவம்பரில் நொடித்து, டிசம்பரில் மூடப்பட்டது; ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். மின்னணு உதிரிப் பொருட்களுக்குப் பெயர்பெற்ற 'மேப்ளின்' 2018இல் வீழ்ந்தது. போட்டியின் பாரத்தைச் சுமப்பவர்களில் கடை ஊழியரின் குடும்பமும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் பழைய தவறு புதிய உருவில் வந்தது. இணையக் கடைகள் விலையைக் குறைக்க விடாமல் தடுத்த குற்றத்துக்காக, ஆசுஸ், டெனான் மற்றும் மராண்ட்ஸ், பிலிப்ஸ், பயனியர் ஆகிய நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் மொத்தம் 11 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. பல இணையக் கடைகள் மற்றவர்களின் விலையைக் கணினி நிரல் மூலம் தானாகவே பின்தொடர்ந்து வந்தன. எனவே ஒரு கடை விலையை ஏற்ற நிர்ப்பந்திக்கப்பட்டால், மற்றவையும் ஏற்றிவிடும் நிலை இருந்தது. 1964இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட அதே நடைமுறை, அரை நூற்றாண்டுக்குப் பின் கணினித் திரைக்குள் திரும்பி வந்ததைப் பாருங்கள்!

நாம் கவனிக்க வேண்டியவை

வாங்கும் குடும்பத்தினர் மொத்தச் செலவையும் கூட்டிப் பார்த்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். பொருளின் விலை, இணைப்புக் கம்பி, கொண்டுவந்து பொருத்தும் கூலி, உத்தரவாதம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே உண்மை விலை. உத்தரவாதம் பற்றிப் பேச்சு வந்தால், விலையை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டிற்கு வந்து யோசியுங்கள். சட்டம் ஏற்கெனவே தரும் உரிமை என்ன என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பித் தந்து பணத்தைப் பெறலாம். முதல் ஆறு மாதங்களில் தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். இவ்வுரிமைகளுக்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை. மேலும், தனித்து விலைக்கு வாங்கும் உத்தரவாதம் காப்பீட்டை ஒத்திருப்பதால் அது கூடுமா என்பதில் தற்கால மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே, நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் விளக்கம் கேட்டுக்கொள்வது நலம்.

விற்பனையில் ஈடுபட்டுள்ள சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கமிஷனுக்காக உழைப்பது இழிவன்று. அது உங்கள் பிள்ளைகளின் உணவு. ஆனால் எதிரில் நிற்பவர் முழு விலையையும் அறிந்தால் இதை வாங்குவாரா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அறிந்தும் வாங்குவார் என்றால் அந்த இலாபம் உங்களுக்கு உரியது. அறியாததால் மட்டுமே வாங்குகிறார் என்றால், ஈரத்தை அடியில் மறைத்த தானியக் குவியலின் அருகில் நீங்கள் நிற்கிறீர்கள்.

வல்ல அல்லாஹ் நம்முடைய கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.