சிறுதொழில் நிறுவனங்களில் மருத்துவக் காப்பீடு: தொழிலாளர் அரசு காப்பீடும் குழுக் காப்பீடும் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

சிறுதொழில் நிறுவனத்தார் தம் தொழிலாளர்க்கு மருத்துவக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டுக் கட்டணத்தை மட்டுமே ஒப்பிட்டு நோக்குவது வழக்கம். தொழிலாளர் அரசு காப்பீடும் (இ.எஸ்.ஐ.) குழு மருத்துவக் காப்பீடும் ஈடுசெய்யும் இடர்கள் வேறுபட்டவை ஆதலின் அவ்வொப்பீடு முழுமை பெறாது. இவ்வேறுபாட்டையும், 21,000 ரூபாய் என்னும் ஊதிய வரம்பைக் கடக்கும் தொழிலாளரின் நிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிறுதொழில், இ.எஸ்.ஐ., குழுக் காப்பீடு, ஊதிய வரம்பு, பேறுகாலப் பயன்.

முன்னுரை

பேராசிரியர் பி. பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் 1948இல் இயற்றப்பெற்றது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்த இத்திட்டம், தமிழகத்தில் 1955இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பெற்றது. 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020இன்கீழ் அமைகின்றது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இத்திட்டம் கட்டாயமானது. அதனினும் குறைந்தோர் பணிபுரியும் நிறுவனம், உரிமையாளரும் பெரும்பான்மைத் தொழிலாளரும் உடன்பட்டால் விரும்பிச் சேரலாம். எனவே, எதைத் தேர்வது என்னும் வினா இரு சூழல்களில் எழுகின்றது: பத்துக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனம் ஒன்று, ஊதிய வரம்பைக் கடந்த தொழிலாளரை உடைய நிறுவனம் மற்றொன்று.

இ.எஸ்.ஐ.: பங்களிப்பும் பயனும்

2017 சனவரி முதல் ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாயாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 ரூபாயாகவும் உள்ளது. 2019 சூலை முதல் நிறுவனத்தின் பங்கு ஊதியத்தில் 3.25 விழுக்காடு; தொழிலாளரின் பங்கு 0.75 விழுக்காடு. தொழிலாளரின் வயதோ நோயோ இவ்விகிதத்தை மாற்றுவதில்லை. தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உரிய மருத்துவத்துடன், நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காட்டு ஊதியமும், 26 வாரப் பேறுகால ஊதியமும், பணியிட விபத்தால் நேரும் ஊனத்திற்கும் இறப்பிற்கும் உரிய உதவித்தொகையும் இதில் அடங்கும். இப்பயன்களை இ.எஸ்.ஐ. கழகமே வழங்குவதால், அவற்றுக்கான சட்டப் பொறுப்பிலிருந்து நிறுவனம் விடுபடுகிறது. எனினும், திட்டத்தின் மருந்தகங்களையும் மருத்துவமனைகளையும் சார்ந்தே முதல்நிலைச் சிகிச்சை பெறவேண்டும் என்பதால், அவை தொலைவில் அமைந்த ஊர்களில் பயன் குறைகிறது.

குழு மருத்துவக் காப்பீடு

குழுக் காப்பீட்டின் கட்டணம் தொழிலாளரின் வயது, காப்பீட்டுத் தொகை, சேர்க்கப்படும் குடும்ப உறுப்பினர், முந்தைய ஆண்டு கோரிக்கைகள் ஆகியவற்றைப் பொறுத்து அமைகிறது. சிறிய குழுவில் ஒருவருக்கு நேரும் பெருநோய்கூட அடுத்த ஆண்டின் கட்டணத்தை உயர்த்திவிடக்கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டிற்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. குழுக் காப்பீட்டிற்கோ 18 விழுக்காடு தொடர்கிறது. சட்டக் கட்டாயமின்றி எடுக்கும் குழுக் காப்பீட்டுக்குச் செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகவும் பெற இயலாது. மருத்துவமனையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மிகுதி என்பது இதன் சிறப்பு. ஆயினும், இது சிகிச்சைச் செலவை ஈடுசெய்யுமேயன்றி இழந்த ஊதியத்தை ஈடுசெய்வதில்லை.

செலவு ஒப்பீடு

மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவருக்கு இ.எஸ்.ஐ. திட்டத்தில் நிறுவனம் செலுத்துவது ஆண்டுக்கு ஏறத்தாழ 5,850 ரூபாய். தொழிலாளர் செலுத்துவது 1,350 ரூபாய். குழுக் காப்பீட்டிற்குத் தலைக்கு 5,000 ரூபாய் கட்டணம் எனக் கொண்டால், வரியுடன் அது 5,900 ரூபாயாகும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே போலத் தோன்றும். ஆனால், நாள் ஊதியம் 500 ரூபாய் எனக் கணக்கிட்டால், இ.எஸ்.ஐ. தரும் 91 நாள் நோய்க்கால உதவி 31,850 ரூபாய். 182 நாள் பேறுகால ஊதியம் 91,000 ரூபாய். குழுக் காப்பீட்டில் இவ்விரண்டும் இல்லை. பத்துக்கும் குறைவானோர் உள்ள கடையில் அவ்விழப்பைப் பெரும்பாலும் தொழிலாளரே சுமக்கின்றார். பத்துப் பேருக்கு மேற்பட்ட நிறுவனத்திலோ, ஊதிய வரம்பைக் கடந்த பெண் தொழிலாளரின் பேறுகால ஊதியத்தை நிறுவனமே சட்டப்படி வழங்க வேண்டும். மாதம் 22,000 ரூபாய் பெறுபவர்க்கு அது ஏறத்தாழ 1,33,000 ரூபாயாகும். கட்டணப் பட்டியலில் இடம்பெறாத இச்செலவே சிறு நிறுவனத்தைப் பெரிதும் தாக்கவல்லது.

வரம்பைக் கடக்கும் தொழிலாளர்

20,500 ரூபாய் பெற்ற ஒருவரின் ஊதியம் சூன் மாதத்தில் 21,500 ரூபாயாக உயர்கிறது எனக் கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலம் முடியும்வரை அவர் திட்டத்தில் நீடிப்பார். உரிய நாள்களுக்குப் பங்களிப்புச் செலுத்தியிருப்பின், அதற்குரிய பயன்காலம் அடுத்த ஆண்டு சூன் 30 வரை அமையும். அதன்பின் அவர் குடும்பத்தின் பாதுகாப்பு முற்றிலும் நீங்குகிறது. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கே உரியது ஆதலின், அவர் அதிலும் இடம்பெற இயலாது. ஆயிரம் ரூபாய் ஊதிய உயர்வு ஒரு குடும்பத்தின் மருத்துவப் பாதுகாப்பைப் பறிக்கும் நிலை இதனால் உருவாகிறது. ஊதியத்தை வரம்புக்குள்ளேயே நிறுத்திவைக்கும் எண்ணம் இருதரப்பாரிடமும் எழுவதற்கும் இதுவே காரணமாகிறது.

முடிவுரை

ஊதிய வரம்புக்கு உட்பட்ட தொழிலாளரை மிகுதியாக உடைய சிறு நிறுவனத்திற்கு, பத்துப் பேருக்குக் குறைவாக இருப்பினும், இ.எஸ்.ஐ. திட்டமே விரிவான பாதுகாப்பைத் தருகிறது. மருந்தகமும் மருத்துவமனையும் அணுகத்தக்க தொலைவில் உள்ளனவா என்பதை நிறுவனம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வரம்பைக் கடப்போர்க்குக் குழுக் காப்பீடு தேவை. பயன்காலம் முடிவதற்குள் அதனை ஏற்பாடு செய்வது இடைவெளியைத் தவிர்க்கும். அத்துடன் பேறுகால, விபத்துப் பொறுப்புகளுக்குத் தனியே நிதி ஒதுக்குதல் வேண்டும். 2017 முதல் மாறாதிருக்கும் வரம்பை ஊதிய உயர்வோடு இணைத்துக் காலந்தோறும் திருத்துவதே, உயர்வு பெறும் தொழிலாளர் பாதுகாப்பை இழக்கும் முரணுக்கு உரிய தீர்வாகும்.