பெயரும் ஆடையும்

ஓர் ஆடையை விலை கொடுத்து வாங்கும்பொழுது நாம் எதனை வாங்குகிறோம்? துணியையா, தையலையா, அன்றி உள்ளே தைத்திருக்கும் பெயர்ச்சீட்டையா? கேள்வி எளியதுதான். ஆயினும் கடந்த இருபது ஆண்டுகளாக ஆடை உலகில் பெருகிவந்திருக்கும் ஒரு வாணிப முறை இக்கேள்விக்குப் புதிய பொருளைத் தந்திருக்கிறது. பெரும்புகழ் வாய்ந்த ஆடை வடிவமைப்பாளர்கள், மலிவு விலைக்கு விரைந்து விற்கும் பெருங்கடைகளோடு சேர்ந்து, அக்கடைகளுக்கெனத் தனித் தொகுதிகளை வகுத்துத் தருகிறார்கள். மாணவர்களாகிய நீங்களும் அவற்றின் விளம்பரங்களைக் கண்டிருப்பீர்கள். இம்முறையின் இயல்பை இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் பெயர்ச்சீட்டின் வரலாற்றைப் பார்ப்போம். 1858ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் சார்ல்ஸ் வொர்த் என்னும் ஆங்கிலேயர் ஓர் ஆடையகம் தொடங்கினார். அதுவரை, உடுப்பவர் விரும்பியபடி தைத்துத் தருவதே பெரும்பாலும் தையற்கலைஞரின் தொழிலாக இருந்தது. வொர்த் தாமே வடிவத்தை வகுத்தார். ஓவியர் தம் ஓவியத்தில் கையொப்பமிடுவதுபோலத் தம் பெயரைப் பொறித்து ஆடையினுள் தைத்தார். அவருடைய காலத்தில் அப்பெயர் ஓர் உறுதிமொழி. ஆடை உடுப்பவரின் அளவுக்கென்றே, தேர்ந்த துணியில், தேர்ந்த கைகளால் அது தைக்கப்பட்டது என்பதே அதன் பொருள்.

அத்தகைய பெயர் பொதுமக்களின் கடைக்கு இறங்கி வந்தபோது உயர்ந்தோர் கடைகள் அதனை எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. 1983ஆம் ஆண்டு அமெரிக்க வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன், நடுத்தர மக்களின் கடையாகிய ஜே. சி. பென்னிக்கு ஆடைகள் வகுக்க முன்வந்தார். உடனே, நியூயார்க்கில் செல்வர் நாடும் பெர்க்டார்ஃப் குட்மன் கடை அவருடைய ஆடைகளை விற்பதையே நிறுத்திவிட்டது. எல்லோருக்கும் கிடைக்கும் பெயருக்கு மதிப்பில்லை என்பது அக்காலத்து எண்ணம்.

இவ்வெண்ணத்தை வலுவாக அசைத்தது 2004 நவம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. சுவீடன் நாட்டில் 1947இல் தோன்றிய எச் அண்டு எம் நிறுவனத்துக்காக, பாரிஸின் ஷனேல் ஆடையகத்துக்கு வடிவம் வகுத்துவந்த கார்ல் லாகர்ஃபெல்டு ஒரு தொகுதி அமைத்தார். பல நகரங்களில் அது சில மணி நேரத்திலேயே விற்றுத் தீர்ந்தது. ஆனால் லாகர்ஃபெல்டு முழு மகிழ்ச்சி அடையவில்லை. கடைக்காரர் மிகக் குறைந்த எண்ணிக்கையில் தைத்துவிட்டார்கள் என்றும், மெலிந்தவர்களுக்கென வகுத்த ஆடைகளைப் பருத்தவர்களுக்கான அளவுகளிலும் தைத்தார்கள் என்றும் அவர் குறைப்பட்டுக்கொண்டார். எல்லோருக்கும் ஆடை தருவதாகச் சொல்லிய ஏற்பாட்டில், யார் உடுப்பது என்னும் பழைய வேலி மறையவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இனி, விலை எவ்வாறு குறைகிறது என்று பார்ப்போம். வெட்டின் வடிவும் நிறமும் அச்சுக்கோலமும் தாளில் ஏறக்கூடியவை. எத்தனை ஆலைகளுக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். கையால் செய்யும் நுண்தையலும், உடலோடு ஒட்டி அளவு பார்ப்பதும் தாளில் ஏறுவதில்லை. ஆகவே முன்னவை மலிவுக் கடைக்கு வருகின்றன; பின்னவை பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. துணியும் விலை குறைந்ததாக மாறுவதுண்டு. இருவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. வடிவமைப்பாளர் புதிய மக்களிடம் அறிமுகமாகிறார். கடைக்கோ பெரும் விளம்பரம் கிடைக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் விற்பதால் வாசலில் கூட்டம் நெருக்குகிறது. 2015இல் பால்மேன் ஆடையகத்தின் தொகுதி வந்தபொழுது, வாங்கியவருள் சிலர் அவற்றை இணையச் சந்தையில் பன்மடங்கு விலைக்கு உடனே விற்கலாயினர்.

இந்தியாவிலும் இக்கேள்வி எழுந்தது. 2021 ஆகஸ்டில் கொல்கத்தாவைச் சேர்ந்த சப்யசாச்சி முகர்ஜி, எச் அண்டு எம் நிறுவனத்துக்காக ஒரு தொகுதி வகுத்தார். 9,999 ரூபாய் விலையில் ஒரு சேலையும் அதில் இருந்தது. ஆவலோடு காத்திருந்தோர் அதனை விரைவில் வாங்கி முடித்தனர். ஆனால் கைவினை அமைப்புகள் பல ஒன்றுகூடி அவருக்கு வெளிப்படையாக ஒரு மடல் எழுதின. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில், மரக்கட்டைகளில் பூக்களைச் செதுக்கி, சாயத்தில் தோய்த்து, துணியில் கையால் ஒற்றியெடுக்கும் மரபு உண்டு. அம்மரபை நினைவூட்டும் கோலங்கள் ஆலையில் அச்சாகி உலகெங்கும் சென்றன. அவற்றால் கைவினைஞருக்கு வேலை கிடைக்கவில்லையே என்பதுதான் அவர்களுடைய வருத்தம். இந்திய வடிவமைப்பை உலக வரைபடத்தில் இடம்பெறச் செய்வதே தம் நோக்கம் என்று அவர் மறுமொழி கூறினார்.

இவ்விடத்தில் சுவைகள் பிரிகின்றன. அழகு சிலருக்கு மட்டும் உரியதாக ஏன் இருக்கவேண்டும் என்பர் ஒரு சாரார். கைத்திறன் நீங்கிய பின் எஞ்சுவது வெறும் பெயரே என்பர் மறு சாரார். அந்த அலங்காரமே தம் கண்ணுக்கு உகந்ததன்று என்பாரும் உளர். நான் முதல் சாராரின் ஆசையை இகழமாட்டேன். நல்ல கோலத்தை உடுத்த விரும்புவது இயல்பான விருப்பம். ஆயினும் சாங்கானேர்த் தச்சரின் உளியும் அச்சிடுவோரின் கையும் வேலையின்றி ஓயுமானால், நாளை நகலெடுப்பதற்கும் புதிய கோலம் இராது என்றே அஞ்சுகிறேன்.

ஆதலால் மாணவர்களே, ஓர் ஆடை உங்கள் கண்ணைக் கவருமானால் பெயர்ச்சீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துணியைத் தொட்டுப் பாருங்கள். தையலைத் திருப்பிப் பாருங்கள். வகுத்தவர் யார், செய்தவர் யார் என்று கேளுங்கள். அதன் பின்னரும் அது பிடித்திருந்தால், அந்தச் சுவை முழுமையாக உங்களுடையது.