வள்ளம் விற்கும் முன் எஞ்சினின் தண்ணீரைக் காட்டுங்கள்



சென்ற ரமலானுக்கு முன் இரண்டு குடும்பத்தார் ஒரு வழக்கோடு நம் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருவர் வயதாகிவிட்டதால் தம் ஃபைபர் வள்ளத்தையும் அவுட்போர்டு எஞ்சினையும் விற்றிருந்தார். வாங்கியவர் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் புரட்டியவர். மூன்றாம் வாரமே கடலில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. வேறொரு வள்ளம்தான் கட்டி இழுத்து வந்தது. "நான் கொடுக்கும்போது நன்றாகத்தானே ஓடியது?" என்றார் விற்றவர். ஓடியது உண்மை. ஆனால் தண்ணீர் ஒழுக்கு மெலிந்து வந்தது அவர் மகனுக்குத் தெரியும். கேட்டபோது அவன் மறுக்கவில்லை. ரிப்பேர்ச் செலவில் பெரும்பகுதியை விற்றவரே ஏற்றுக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

இந்த எஞ்சின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல்நீரையே உறிஞ்சிக் குளிர்கின்றன. கீழே கியர் பெட்டிக்கு மேல் ஒரு சிறிய பம்பு. அதற்குள் ரப்பர் விசிறி, அதாவது இம்பெல்லர். அது ஏற்றும் நீர் சிலிண்டரைச் சுற்றி வந்து புகையோடு வெளியேறும். அதில் ஒரு பங்குதான் பின்பக்கத் துளையில் பீச்சுவது. அந்தப் பீச்சு எஞ்சினின் நாடி மாதிரி.

நம் கடற்கரையில் பல இடங்களில் துறைமுகம் இல்லை. மணலிலிருந்துதான் வள்ளத்தைத் தள்ளுகிறோம். ஆழமில்லாத இடத்திலேயே எஞ்சினை எடுத்தால் மணல் உள்ளே போய் இம்பெல்லரை அரைத்துவிடும். உப்பு அதைவிட மோசம். ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்து எஞ்சின் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும்போது, உள்ளே நின்ற உப்பு காய்ந்து கட்டியாகி வழியை அடைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும்.

கரையேறியதும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிறைத்து, உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்படி எஞ்சினை வைத்து, கியர் போடாமல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டினால் போதும். தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. சிறிது நேரத்திலேயே இம்பெல்லர் கருகிவிடும். பீச்சு நின்றால் உடனே எஞ்சினை நிறுத்தி, துளையில் தங்கூசியை விட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் பம்பைப் பிரிக்க வேண்டியதுதான். இம்பெல்லருக்கு ஆகும் செலவு பிஸ்டன் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

வாங்குபவர் ஆறிக் கிடக்கும் எஞ்சினைத் தம் கண் முன்னால் எடுக்கச் சொல்லி, கால் மணி நேரமாவது டிரம்மில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சிலிண்டர் தலைப் பக்கம் பெயின்ட் பொரிந்திருந்தாலோ, கேஸ்கட் ஓரம் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தாலோ கேள்வி கேளுங்கள். நகை அடகுக்குப் போகும் முன் வீட்டுப் பெண்களும், "டிரம்மில் ஓட்டிப் பார்த்தீர்களா?" என்று கேட்கலாம், தவறில்லை.

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தி நாம் பலமுறை பயானில் கேட்டதுதான். "இருக்கிற நிலையில் எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டால், தெரிந்தே மறைத்த குற்றம் போய்விடாது.

பதிவை மறக்க வேண்டாம். பெயர் மாற்றாவிட்டால், ஒக்கி போல ஒன்று வந்து வள்ளம் போகும்போது பழைய பெயரைத்தான் தேடுவார்கள். மானியத்தில் வாங்கிய எஞ்சினென்றால், விற்கலாமா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குறைகளையும் சேர்த்து எழுதும் மாதிரி விற்பனைத் தாள் நம் அலுவலகத்தில் இருக்கிறது. அஸருக்குப் பின் வந்து வாங்கிக்கொள்ளலாம்.