கேமரா ஓடுது... ரெக்கார்டு ஆகுதா?

மத்தியானம் 2 மணிக்குக் கேமரா நின்றுவிடும். சாயங்காலம் 5 மணிக்கு யாரும் தொடாமலே திரும்ப வந்துவிடும். கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை, திருத்தணி வட்டாரத்தில் சிசிடிவி பழுது பார்ப்பவர்களுக்கு அதிகம் வரும் புகார் இதுதான். ஒயரில் லூஸ் கான்டாக்ட் என்று நினைத்துக் கடைக்காரர் ஏணி போட்டு ஏறுவார். ஏறிக் கேமராவைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு இறங்குவார்.

வெளியில் மாட்டும் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் டேட்டாஷீட்டில் 50 அல்லது 60 டிகிரி செல்சியஸ் வரை இயங்கும் என்று போட்டிருக்கும். 'ஊரில் அடிக்கும் வெயிலே 42தானே, 60 எதற்கு?' என்று கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். வானிலை மையம் சொல்வது நிழல் வெப்பம். காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் அளந்த எண் அது. கேமரா இருப்பதோ பன்னிரண்டு அடி உயரத்தில், தகர ஷீட்டுக்குக் கீழே. உச்சி வெயிலில் அந்த ஷீட் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். போதாததற்குக் கேமராவே உள்ளுக்குள் சூடு கிளப்பும் பொருள். 2003 மே கடைசியில் சென்னையிலேயே 45 டிகிரி பதிவானது. உள்மாவட்டத்துக் குடோன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

'ஐபி 67 இருக்கு சார், எதையும் தாங்கும்' என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்குறுதி. அந்த எண் தூசிக்கும் தண்ணீருக்கும் மட்டுமே. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2024 ஏப்ரலில் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசு கொண்டுவந்த சோதனை விதிகளும் முக்கியமாக அந்நியர் கேமராவுக்குள் புகுந்து பார்ப்பதைத் தடுக்கத்தான். சூட்டைத் தாங்குமா என்பதை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில் நேராக விழும் இடத்துக்குக் குமிழ் மூடி போட்ட டோம் கேமரா வேண்டாம். சில வருடங்களில் மூடி மங்கி, எல்லாக் காட்சியும் பனிமூட்டமாகிவிடும். வெள்ளை நிற உலோக உடலும், மேலே நீட்டி மறைக்கும் தகடும் கொண்ட புல்லட் கேமராதான் சரி. மேற்கு பார்த்த சுவரைத் தவிர்த்தாலே பாதித் தொல்லை குறையும்.

ராத்திரியானால் விட்டது என்றும் இருக்க முடியாது. கான்கிரீட் சுவர் பகலில் குடித்த சூட்டை நெடுநேரம் கக்கிக்கொண்டிருக்க, இருட்டில் பார்ப்பதற்கான இன்ஃப்ராரெட் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கும். சென்சார் ஆறேழு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் படத்தின் இரைச்சலுக்குக் காரணமான மின்கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மே மாதத்து இரவுக் காட்சிகளில் கடுகு வெடித்த மாதிரி புள்ளிகள் தெறிப்பதற்கு இதுவும் காரணம்.

கோவை பவுண்டரிகளின் கதை வேறு. உருகிய இரும்பு 1,400 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் இடத்தில் எந்தச் சாதாரண கேமராவும் நிற்காது. அங்கே புத்திசாலித்தனம் விலகி நிற்பதில்தான். தூரம் இரட்டித்தால் மேலே படும் கதிர்வீச்சு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். அதனால் நாற்பது அடி தள்ளி மாட்டி, 12 மில்லிமீட்டர் லென்ஸால் காட்சியைக் கிட்டத்தில் இழுத்துக்கொள்ளலாம். உலையின் பளபளப்பில் ஆள் முகம் கருத்துப்போகாமலிருக்க 'டபிள்யூடிஆர்' வசதியும் தேவை. கிட்டத்தில்தான் வைத்தாக வேண்டும் என்றால் காற்றோ தண்ணீரோ ஓடிக் குளிர்விக்கும் எஃகுக் கூடு வாங்க வேண்டும். அதன் விலை கேமராவின் விலையைப் போலப் பல மடங்கு. காற்றைத் தள்ளும் கம்ப்ரசர் நின்றால் கேமராவும் போய்விடும்.

இத்தனையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பதிவுப் பெட்டி. டிவிஆர், என்விஆர் எதுவானாலும் கதை ஒன்றுதான். திருடன் கண்ணில் படக்கூடாது என்று அதைப் பரணில் ஏற்றி, மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பேக்கரியானால் அந்தப் பரண் அடுப்பறைக்கு மேலே இருக்கும். கூடவே எல்லாக் கேமராவுக்கும் மின்சாரம் தரும் அடாப்டரும் அதே பெட்டியில் வேகும். அதைத் திறந்து பார்த்தால் கெப்பாசிட்டரின் தட்டையான தலை உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருக்கும். பத்து டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதி என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையின் பழைய கணக்கு. செத்துப்போனதாகத் தூக்கிப்போடும் கேமராக்களில் சிலவற்றுக்கு இந்த அடாப்டரை மாற்றினாலே உயிர் வந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் அப்படியல்ல. கண்காணிப்புக்கென்று வரும் டிஸ்க்கே பொதுவாக 60, 65 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளும். காற்றே புகாத பெட்டியில் இரவும் பகலும் சுழன்றால் அந்த எல்லை தூரமில்லை. இதில் பெரிய ஆபத்து, டிஸ்க் போனது தெரியாமலிருப்பதுதான். டிஸ்க் செத்தாலும் நேரடிக் காட்சி நிற்காது. முதலாளி மொபைலில் பார்ப்பார். கல்லா தெரியும், ஷட்டர் தெரியும், நிம்மதியாகத் தூங்கிவிடுவார். பெட்டி 'பீப் பீப்' என்று கத்தித்தான் சொல்லும். தொல்லையாக இருக்கிறதென்று அந்தச் சத்தத்தை மாட்டிய அன்றே அணைத்திருப்பார்கள். கல்லாவில் பணம் குறைந்த பிறகு ரெக்கார்டிங்கைத் தேடினால் போன மாதமே பதிவு நின்றிருக்கும். எட்டுக் கேமராவும் தலா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் 4 டிபி டிஸ்க்கில் சுமார் 23 நாள் காட்சி இருக்க வேண்டும். ஆனால் அதை எண்ணிப் பார்ப்பவர் யார்?

'எல்லாம் கிளவுடில் போகட்டும், பெட்டியே வேண்டாம்' என்பவர்களும் உண்டு. இணையம் நிற்காத ஊருக்கு அது பொருந்தலாம்.

ஆகவே கொட்டேஷன் கேட்கும்போது கேமராவின் மெகாபிக்சலோடு நிறுத்தாதீர்கள். பெட்டி எங்கே உட்காரும், அந்த இடம் மத்தியானம் எத்தனை டிகிரி என்று கேளுங்கள். ஜன்னல் பக்கமோ ஃபேன் காற்று படும் இடத்திலோ, துளையிட்ட இரும்பு ரேக்கில் தரைக்கு அருகே பூட்டி வையுங்கள். அணைத்து வைத்த பீப் சத்தத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே கேமரா மாட்டியிருப்பவர்கள் இன்றைக்குக் கடையை மூடுவதற்குள் பத்து நாளுக்கு முந்தைய மதியம் 2 மணிக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் டெக்னீஷியனை உடனே கூப்பிடுங்கள்.