சுவர் ஏறலாம் வாங்க!

'சுவர் ஏறுதல்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது விடுதியின் பின்பக்கச் சுவரும் இரண்டாம் ஆட்டம் சினிமாவும்தான். நண்பர்களே, நான் எழுத வந்தது அந்தச் சுவரைப் பற்றி அல்ல! காசு கொடுத்து, கயிறு கட்டி, முறையாகக் கற்றுக்கொண்டு ஏறும் விளையாட்டுச் சுவரைப் பற்றி. "அதெல்லாம் பணக்காரப் பசங்க சமாச்சாரம், டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நாளை நாம் பார்க்கப்போகும் வேலைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1964-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி விரிவுரையாளராக இருந்த டான் ராபின்சன், நடைபாதைச் சுவர் ஒன்றில் பாறைத் துண்டுகளைப் பதித்து ஏறுவதற்கு வழி செய்தார். 1987-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கட்டணம் வாங்கும் உள்ளரங்கு ஏறுதளம் வந்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இது பதக்க விளையாட்டாகவே ஆகிவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தோனேசிய வீரர் வெட்ரிக் லியோனார்டோ 15 மீட்டர் சுவரை 4.75 விநாடியில் ஏறித் தங்கம் வென்றார். நாம் மாடிப்படியில் ஏறினாலும் அந்த நேரத்தில் முதல் மாடியைத் தாண்ட மாட்டோம்!

நம் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனால் பெங்களூர். அங்கே கன்டீரவா விளையாட்டரங்கில் உள்ள ஏறுசுவர் பெயர் பெற்றது. உள்ளரங்கு ஏறுதளங்களும் இருக்கின்றன. செமஸ்டர் விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் அப்படி ஓர் உள்ளரங்குக்குப் போனோம்.

புதிதாகப் போகிறவருக்கு முதல் அதிர்ச்சி ஷூ. விரல் மடங்கும் அளவுக்கு இறுக்கமாகக் கொடுப்பார்கள். "அண்ணே, ஒரு சைஸ் பெருசா குடுங்க" என்று கேட்டால் பயிற்சியாளர் சிரிப்பார். காரணம் உண்டு. கால் வைக்கும் பிடி சில சமயம் கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. ஷூவுக்குள் கால் நகர்ந்தால் பிடியில் நிற்க முடியாது.

இரண்டாவது, கை வலி. என் நண்பன் ஜிம்முக்குப் போகிறவன். கை பலத்திலேயே ஏறிவிடலாம் என்று போனவன், பாதி வழியில் முன்கை கல்லாகி, விரல் மடங்காமல் தொங்கினான். ஒல்லிப்பிச்சானான இன்னொருவன் காலை ஊன்றி ஊன்றி உச்சிக்கே போய்விட்டான்! இது நம் என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் பாடம்தான். இடுப்பு சுவரை விட்டு விலக விலக, உடல் எடையின் திருப்புத்திறன் கூடுகிறது. அதைச் சமாளிக்கக் கை அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. இடுப்பைச் சுவரோடு ஒட்டி வைத்தால் எடை காலில் இறங்கும், கை பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பெரிய அனுபவம். உச்சியைத் தொட்டதும் இறங்க வேண்டுமே! "கையை விடுப்பா, கயித்துல உக்காரு" என்று கீழிருந்து குரல் வரும். மூளை சரி என்கிறது. கை விட மறுக்கிறது. விட்ட பிறகுதான் கயிறு தாங்குகிறது என்ற நம்பிக்கை வருகிறது.

கயிறு எப்படித் தாங்குகிறது? ஏறுபவரின் இடுப்புப் பட்டையில் எட்டு வடிவ முடிச்சாகக் கட்டிய கயிறு, உச்சியில் உள்ள கொக்கி வழியாகத் திரும்பி, கீழே நிற்கும் துணையாளின் கருவிக்குள் போகிறது. அந்த உராய்வில்தான் கயிறு நிற்கிறது. இது கிணற்றுக் கயிறு மாதிரி விறைப்பானதல்ல, இழுபட்டு நீளும். விழும் உடலை நிறுத்த ஆகும் நேரம் கூடினால் அதிர்ச்சி விசை குறையும். ஐரோப்பியத் தரவிதிப்படி, 80 கிலோ எடையை விழவைத்துச் சோதிக்கும்போது முதல் வீழ்ச்சியில் அந்த விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக்கூடாது. கொக்கியின் மேலேயே அதன் பலம் பொறித்திருக்கும். வாய் மூடியிருந்தால் 20 கிலோ நியூட்டனுக்குக் குறையாது, அதாவது சுமார் இரண்டு டன். வாய் திறந்திருந்தால் அதே கொக்கிக்கு 7 அளவுதான்! பூட்டு போட்டாயா என்று ஏன் கேட்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?

அந்த ஏறுதளத்தில் ஒரு வழக்கம். ஏறுபவர் துணையாளின் கருவியைப் பார்க்க வேண்டும். துணையாள் ஏறுபவரின் முடிச்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பத்தாவது தடவை ஏறினாலும் இதே கதை. "இப்பதானே பார்த்தீங்க?" என்று சலித்துக்கொண்டோம். அப்போது பயிற்சியாளர் சொன்ன ஒரு பெயர் லின் ஹில். உலகப் புகழ்பெற்ற அமெரிக்க வீராங்கனை. 1989-இல் பிரான்ஸ் நாட்டின் பியூ பாறையில் ஏறியபோது, இடுப்பில் கயிற்றைக் கோத்தவர் முடிச்சை முடிக்காமல் விட்டுவிட்டார். உச்சிக்குப் போய்க் கயிற்றில் சாய்ந்ததும் சுமார் 22 மீட்டர் கீழே விழுந்தார். மரக்கிளை தடுத்ததால் உயிர் பிழைத்தார். (அவரே 1993-இல் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் மலையில் 'நோஸ்' என்ற தடத்தை, உபகரணத்தைப் பிடித்துத் தொங்காமல், கைகால் பலத்திலேயே முதன்முதலாக ஏறிக் காட்டினார் என்பது தனிக் கதை!) கயிறு அறுந்து விழவில்லை. திறமை இல்லாமல் விழவில்லை. ஒரு பார்வை குறைந்தது, அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். இன்பிளான்ட் டிரெய்னிங்கின்போது ஒரு தொழிற்சாலையில் கூரைத் தகடு மாற்றிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரைப் பார்த்தேன். பெல்ட் போட்டிருந்தார், கொக்கி எதிலும் மாட்டாமல் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "அஞ்சு நிமிஷ வேலைதானே தம்பி" என்றார். கீழே பத்துப் பேர் நின்றோம். அவர் கொக்கியைப் பார்ப்பது எங்களில் யாருடைய வேலையாகவும் இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. ஏறுசுவரின் இடுப்புப் பட்டை தொழிற்சாலைக்கு ஆகாது. அங்கே தேவை தோள், மார்பு, தொடை எல்லாம் பிடிக்கும் முழு உடல் பட்டையும், அதிர்ச்சி தாங்கி உள்ள இணைப்புக் கயிறும். அந்தத் தாங்கி பிரிந்து நீண்டுதான் விசையை 6 கிலோ நியூட்டனுக்குள் அடக்குகிறது. ஆகவே 1.8 மீட்டர் இணைப்புக் கயிற்றைக் காலடியில் மாட்டிக்கொண்டு 3 மீட்டர் உயரத்தில் நின்றால், கயிறு பிடிக்கும் முன் தரை பிடித்துவிடும்! தலைக்கு மேலே, உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். விழுந்து தொங்குபவரை உடனே இறக்கவும் ஆள் தயாராக இருக்க வேண்டும்.

கருவி வேறு, ஆனால் பழக்கம் ஒன்றே. நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆகலாம். மேலே ஏறுகிறவர் நம்மைவிட மூத்தவராக இருக்கலாம், அனுபவசாலியாக இருக்கலாம். "அண்ணே, ஒரு நிமிஷம், கொக்கியைப் பார்த்துடறேன்" என்று சொல்வது அவரை அவமதிப்பது ஆகாது. அவர் திரும்பி நம் பட்டையைத் தொட்டுப் பார்த்தால் நாமும் முகம் சுளிக்கக்கூடாது. ஆளுக்கு ஆள் அரை நிமிடம். வீட்டில் காத்திருப்பவர்களுக்காக அந்த அரை நிமிடத்தைச் செலவழிப்போம், தோழர்களே!