வானில் ஏறினால் போதையும் ஏறுமா?

"விமானத்தில் அருந்தும் ஒரு கோப்பை மது, தரையில் அருந்தும் இரண்டு கோப்பைக்குச் சமம்" என்று சொல்வார்கள். இது உண்மைதானா?

பயணிகள் விமானம் சுமார் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் கால் பங்குகூட இல்லை. ஆகவே பயணிகள் அறையில் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். கடல் மட்ட அழுத்தத்தையே உள்ளே வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவ்வாறு வைத்தால் உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளும் விசையைத் தாங்க, விமானத்தின் உடலை மேலும் கனமாக அமைக்க வேண்டியிருக்கும். எனவே 8,000 அடி உயர மலையில் உள்ள அழுத்தத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஒரு சிறு கணக்கு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. ஆகவே ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 760 × 0.21 = 160 மி.மீ. 8,000 அடியில் காற்றழுத்தம் 565 மி.மீ.; ஆக்சிஜனின் பங்கு 119 மி.மீ. மட்டுமே. நுரையீரலில் ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளுவது இந்த அழுத்தம்தான்.

மது இரத்தத்தில் கலப்பது இரைப்பை, குடல் வழியாக. அதைச் சிதைப்பது கல்லீரல். அறையின் அழுத்தம் இவற்றை அதிகம் மாற்றுவதில்லை. எனவே ஒரு கோப்பை இரண்டாகிவிடாது. அப்படியானால் கவலையில்லையா? இருக்கிறது.

ஜெர்மனியின் கொலோன் நகரில் விண்வெளி ஆய்வு மைய அறிவியலார் நடத்திய சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. 18 முதல் 40 வயது வரையுள்ள, நல்ல உடல்நலமுடைய 48 பேர் அதில் பங்கேற்றனர். பாதிப்பேர் சாதாரண அழுத்தத்திலும், மற்றவர்கள் 8,000 அடிக்கு நிகரான அழுத்தத்திலும் நான்கு மணி நேரம் உறங்கினர். ஓர் இரவு மது அருந்தாமல், மற்றோர் இரவு இரண்டு குவளை பீருக்குச் சமமான மது அருந்தி.

சாதாரண அழுத்தத்தில், மதுவின்றி உறங்கியபோது இரத்த ஆக்சிஜன் நிறைவு 96 விழுக்காடு. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64. மதுவுடன் இவை 95, 77 ஆயின. குறைந்த அழுத்தத்தில் மதுவின்றி 88, 73. மதுவுடன் 85, 88!

காரணம் என்ன? ஆக்சிஜன் குறைந்தால் இதயம் விரைந்து துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. மதுவோ இரத்தக் குழாய்களைத் தளர்த்தித் துடிப்பை இன்னும் விரைவுபடுத்துகிறது. சுமை இரட்டிப்பாகிறது. இளைஞர்களுக்கே இப்படியென்றால், இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அருகில் இருப்பவருக்கோ அவர் நிம்மதியாக உறங்குவதாகவே தோன்றும்!

வானில் மதுவின் அளவு கூடுவதில்லை. அதைத் தாங்கும் உடலின் வசதிதான் குறைகிறது.