நிலக்கரிக்கு நடுவே ஒரு வெளிர் கோடு: எரிமலைச் சாம்பல் களிமண் ஆனது எப்படி?

சில நிலக்கரிச் சுரங்கங்களின் கறுப்புச் சுவரில் வெளிர் நிறத்தில் ஒரு கோடு ஓடும். பெரும்பாலும் சில சென்டிமீட்டர் தடிமன்தான். ஆனால் பல கிலோமீட்டர் தாண்டியும் அதே கோடு தொடரும். புவியியலாளர்கள் இதை 'டோன்ஸ்டைன்' என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் 'களிமண் கல்' என்று அர்த்தம். எப்போதோ வெடித்த எரிமலையின் சாம்பல்தான் இப்படிக் களிமண்ணாகி இருக்கிறது.

சாம்பல் எப்படிக் களிமண் ஆகும்?

எரிமலைச் சாம்பல் நம்ம அடுப்புச் சாம்பல் மாதிரி கிடையாது. நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கனிமப் படிகங்களும் கலந்தது. பெங்களூருவில் இருந்து சில மணி நேரம் கார் ஓட்டினால் அதை நேரிலேயே பார்க்கலாம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலை வெடித்தபோது, 2,500 கி.மீ.க்கு மேல் பறந்து வந்த சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இன்னும் கண்ணாடித் துகளாகவே கிடக்கிறது.

நிலக்கரி உருவான சதுப்பு நிலத்தில் கதையே வேறு. தாவரங்கள் அழுகுவதால் அங்கே தண்ணீர் அமிலத்தன்மையோடு இருக்கும். சாம்பலில் உள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம் எல்லாம் அதில் கரைந்து போய்விடும். மிஞ்சும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து கயோலினைட் ஆகும். பீங்கான் கோப்பை செய்யப் பயன்படும் அதே களிமண் கனிமம்தான் இது.

இதை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

முதலில், வயது. கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் எடுபடாது. இந்திய நிலக்கரியில் பெரும்பகுதி 25 கோடி ஆண்டுகளுக்கும் பழையது. ஆனால் சாம்பலோடு விழுந்த ஜிர்கான் படிகங்கள் கரையாமல் தங்கிவிடும். அவற்றுக்குள் யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். இரண்டின் விகிதத்தை அளந்தால், எரிமலை வெடித்த காலமும் அந்த நிலக்கரி அடுக்கின் வயதும் தெரிந்துவிடும்.

சரி, நமக்கு என்ன லாபம்?

சீனாவின் கிழக்கு யுனான் பகுதியில், நிலக்கரி அடுக்குகளுக்கு இடையே உருமாறிக் கிடந்த எரிமலைச் சாம்பலில் நியோபியம், ஜிர்கோனியம், அரிய மண் தனிமங்கள், காலியம் ஆகியவை செறிந்திருப்பதாக 2010-ல் ஓர் ஆய்வு சொன்னது. உங்கள் ஃபாஸ்ட் சார்ஜரில் இருக்கும் காலியம் நைட்ரைடு சிப்புக்கு இந்தக் காலியம் வேண்டும். 2023 ஆகஸ்டில் இருந்து காலியம் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கேட்கிறது. அதே ஆண்டு இந்தியா வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் மேலே சொன்ன எல்லாமே இருக்கின்றன.

எல்லா டோன்ஸ்டைனிலும் இந்த உலோகங்கள் கிடைத்துவிடாது. சாம்பலைக் கக்கிய மாக்மா எந்த வகை என்பதைப் பொறுத்தது அது. சோதித்தால்தான் தெரியும். ஆனால் சுரங்கத்தைப் பொறுத்தவரை இது எரியாத கல், நிலக்கரியின் தரத்தைக் குறைக்கும் கழிவு. குப்பை மேட்டில் கொட்டிக் கலந்துவிட்டால் எந்த அடுக்கில் இருந்து வந்தது என்று சொல்ல முடியாது. வயதுக் கணக்கும் போய்விடும். கொட்டுவதற்கு முன்பே ஒரு கைப்பிடி மாதிரி எடுத்து, இடத்தைக் குறித்து வைத்தால், அந்தத் தகவலாவது மிஞ்சும்.